மெதுவடையா, சீயமா? சூரியனை அடைக்க ஒரு சட்டி!

0.2 மில்லிகிராம். பொடி உப்பில் ரெண்டு மூணு பரல் எடுத்து உள்ளங்கையில் வையுங்க, அவ்வளவுதான் எடை. இங்கிலாந்தில் 'ஜெட்' என்கிற மெஷினுக்குள் 2023 அக்டோபரில் அவ்வளவு எரிபொருளைப் போட்டு, ஆறு விநாடிக்குள் 69 மெகாஜூல் வெப்பம் எடுத்தார்கள். நம்ம ஈ.பி. மீட்டர் பாஷையில் சொன்னால் 19 யூனிட்! இதே வெப்பத்துக்கு நல்ல நிலக்கரியே ரெண்டு கிலோவுக்கு மேல் எரிக்கணும்.

"அப்புறம் என்ன பாஸ், மின்சாரப் பிரச்னை ஓவர்!" என்று துள்ளாதீங்க. அந்த 69 மெகாஜூலை எடுக்க, மெஷினுக்கு அதைவிட அதிக மின்சாரம் ஊட்ட வேண்டியிருந்தது. செட்டிநாட்டுப் பேரேட்டில் எழுதினால் வரவைவிடச் செலவு ஜாஸ்தி. அந்தக் கணக்கை லாபத்துக்குக் கொண்டுவரத்தான் உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு கூட்டம் சொல்கிற யோசனை ரொம்ப சிம்பிள்: "சட்டியோட வடிவத்தை மாத்துங்கப்பா!"

அந்தப் புது வடிவத்தின் பெயர் கோள டோகமாக். காரைக்குடியில் உட்கார்ந்து ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மெக்கானிக்கல் படிக்கிற உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வாங்க, பார்ப்போம்.

ஒட்ட வைப்பதுதான் மேட்டர்

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது அணுக்கருப் பிளவு. யுரேனியம் மாதிரி கனமான அணுவை உடைத்துச் சக்தி எடுப்பது. சூரியனில் நடப்பது இதற்கு நேரெதிர். லேசான ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைப்பது. இதுதான் அணுக்கரு இணைவு.

பூமியில் இதைச் செய்ய சுலபமான ஜோடி, ஹைட்ரஜனின் ரெண்டு அண்ணன்கள்: டியூட்டீரியம், டிரிட்டியம். டியூட்டீரியம் கடல் தண்ணியிலேயே இருக்கு. தொண்டி கடற்கரையில் ஒரு குடம் தண்ணி மொண்டால், அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6,500-க்கு ஒன்று டியூட்டீரியம். டிரிட்டியம் இயற்கையில் கிடைப்பது அரிது. அதுவும் 12.3 வருஷத்தில் பாதியாகக் கரைந்துபோகும். அதனால் மெஷினுக்குள்ளேயே லித்தியத்தை வைத்து அதை உற்பத்தி செய்துகொள்ளணும்.

ரெண்டுக்கும் பாசிட்டிவ் சார்ஜ் என்பதால் கிட்ட போனாலே தள்ளிவிடும். ஒட்டணும்னா வெறித்தனமான வேகம் வேணும், அதாவது வெப்பம். சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே நசுக்குகிற அழுத்தம் இருப்பதால் அது போதும். நம்மிடம் அந்த அழுத்தம் இல்லையே! அதனால் இங்கே 10 கோடி டிகிரிக்கு மேல் போகணும். அந்தச் சூட்டில் வாயு, பிளாஸ்மா ஆகிவிடும்.

இப்போ கேள்வி: 10 கோடி டிகிரி பிளாஸ்மாவை எந்தச் சட்டியில் வைப்பீங்க? இரும்பு, வெண்கலம், எதுவும் தாங்காது. ஆனால் பிளாஸ்மாவுக்குச் சார்ஜ் இருக்கிறதால், காந்தத்துக்குக் கட்டுப்படும். சுவரில் படாமல் காந்தப்புலத்திலேயே தொங்கவிடலாம். 1950-களில் சோவியத் விஞ்ஞானிகள் இகோர் டாம், ஆந்த்ரே சகாரோவ் கொடுத்த யோசனை இது. அந்த மெஷினுக்கு ரஷ்யர்கள் வைத்த சுருக்கப் பெயர்தான் டோகமாக்.

1968-ல் "எங்க மெஷின்தான் உலகத்திலேயே சூடு" என்று ரஷ்யர்கள் சொன்னபோது மேற்கு நாடுகள் நம்பவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ஆனாலும் 1969-ல் இங்கிலாந்தின் கல்ஹாமிலிருந்து ஒரு டீம், லேசர் கருவிகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு மாஸ்கோவுக்கே போய் அளந்து பார்த்தது. ரஷ்யர்கள் சொன்னது உண்மை! அதற்கப்புறம் உலகமே டோகமாக் பக்கம் திரும்பியது.

வடைக்கும் சீயத்துக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண டோகமாக் எப்படி இருக்கும்? அச்சு அசல் மெதுவடை. நடுவில் பெரிய ஓட்டை, சுற்றி வளையம், வளையத்துக்குள் பிளாஸ்மா.

கோள டோகமாக்கோ நம்ம ஊர் சீயம் மாதிரி. உருண்டை. அந்தச் சீயத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு ஈர்க்குச்சியைச் செருகினால் எப்படியோ, அப்படி நடுவில் ஒல்லியாக ஒரு தூண். பிளாஸ்மா அந்தத் தூணை ஒட்டிக் கட்டிப்பிடித்தபடி சுற்றும்.

இதை ஒரு நம்பரில் சொல்லலாம். வளையத்தின் மையத்திலிருந்து பிளாஸ்மாவின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை, பிளாஸ்மாவின் பாதித் தடிமனால் வகுக்கணும். பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ராட்சஸ டோகமாக்கான ஐட்டருக்கு 6.2 மீட்டரை 2 மீட்டரால் வகுத்தால் சுமார் 3. கல்ஹாமில் இருந்த 'மாஸ்ட்' என்கிற கோள டோகமாக்குக்கு 0.85-ஐ 0.65-ஆல் வகுத்தால் 1.3. நம்பர் ஒன்றை நெருங்க நெருங்க, வடை சீயமாகிறது என்று அர்த்தம்.

சரி, உருண்டையாக்கினால் என்ன லாபம்? வளையத்தின் உள்பக்கம் காந்தப்புலம் கெட்டி, வெளிப்பக்கம் கொஞ்சம் லூஸ். பிளாஸ்மா நழுவப் பார்ப்பது வெளிப்பக்கத்தில்தான். கோள வடிவத்தில் காந்தக் கோடுகள் நடுத்தூணையே பல சுற்று சுற்றிவிட்டு, வெளிப்பக்கத்தைச் சட்டுனு கடந்துவிடும். பிளாஸ்மா நல்ல பிடியில் இருக்கும் நேரம் கூடுகிறது.

இந்த மெஷின்களில் காசை விழுங்குவது காந்தம். காந்தத்தின் அழுத்தம் ஒரு ரூபாய் என்றால், அதை வைத்து எத்தனை பைசா பிளாஸ்மா அழுத்தத்தைத் தாங்க முடியும் என்பதற்கு 'பீட்டா' என்று பெயர். வடை டோகமாக்குகளில் பத்துப் பன்னிரண்டு பைசாவே பெரிய சாதனை. கல்ஹாமில் 'ஸ்டார்ட்' என்கிற குட்டி கோள டோகமாக் 1990-களின் கடைசியில் தொட்டது 40 பைசா!

பழைய சாமானில் பிறந்த ஹீரோ

ஸ்டார்ட் கதையை எந்த மெக்கானிக்கல் லேபிலும் ஃப்ரேம் போட்டு மாட்டலாம். 1986-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் பெங்கும் டென்னிஸ் ஸ்டிரிக்லரும் கோள வடிவத்தின் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினார்கள். ஆனால் செய்து பார்க்கப் பணம் வேணுமே?

கல்ஹாமில் ஆலன் சைக்ஸும் அவர் சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் கிடந்த பழைய வெற்றிடத் தொட்டி, உபரி உதிரிபாகங்களை எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். 1991 ஜனவரியில் முதல் பிளாஸ்மா. 1998 வரை ஓடியது. அப்புறமும் அந்தத் தொட்டி சும்மா கிடக்கவில்லை. இத்தாலியின் ஃப்ராஸ்காட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போய் இன்னொரு சோதனைக்குப் பயன்பட்டது.

ஸ்டார்ட் ஜெயித்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். 1999-ல் இங்கிலாந்தில் மாஸ்ட், அதே ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் என்.எஸ்.டி.எக்ஸ்., ரஷ்யாவில் குளோபஸ், பிரேசிலில் ஒன்று, சீனாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று. 2022-ல் இங்கிலாந்தின் டோகமாக் எனர்ஜி என்கிற தனியார் கம்பெனி, தன் எஸ்.டி.-40 மெஷினில் 10 கோடி டிகிரியைத் தொட்டதாக அறிவித்தது.

ஈர்க்குச்சிக்குத்தான் எத்தனை கஷ்டம்!

இவ்வளவு நல்லதுன்னா ஏன் இன்னும் கரன்ட் வரலை? வில்லன் அந்த ஒல்லித் தூண்தான்.

முதல் சிக்கல், டிரான்ஸ்ஃபார்மர். பிளாஸ்மாவுக்குள் லட்சக்கணக்கான ஆம்பியர் ஓடணும். சாதாரண டோகமாக்கில் நடு ஓட்டையில் ஒரு பெரிய கம்பிச் சுருள் இருக்கும். அதுதான் பிரைமரி, பிளாஸ்மாவே செகண்டரி. கோள டோகமாக்கில் அந்தச் சுருளுக்கு இடமே கிடையாது. அதனால் மைக்ரோவேவ் அடிப்பது, ரெண்டு பிளாஸ்மா வளையங்களை மோதவிட்டு ஒன்றாக்குவது என்று வேறு வழிகளைத் தேடுகிறார்கள்.

ரெண்டாவது சிக்கல், நியூட்ரான். டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்தால் கிடைக்கும் சக்தியில் ஐந்தில் நாலு பங்கை ஒரு நியூட்ரான் தூக்கிக்கொண்டு ஓடும். அதுக்குச் சார்ஜ் இல்லை, காந்தம் தடுக்காது. நேரே வந்து தூணை அடிக்கும். கனமான கவசம் போடலாம் என்றால் தூண் தடித்துவிடும். தடித்தால் சீயம் மறுபடி வடை!

மூணாவது, புகைபோக்கி. சின்ன இடத்தில் இவ்வளவு சூட்டை உண்டாக்கினால், வெளியே வரும் கழிவு வெப்பமும் ஒரே இடத்தில் குவிந்து உலோகத்தை அரிக்கும். 2020 அக்டோபரில் உயிர்பெற்ற மாஸ்ட் அப்கிரேடு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. வெளியேறும் பாதையை நீளமாக்கி, சூடு ஆறிய பிறகு உலோகத்தில் படவிட்டார்கள். வெப்பத் தாக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக 2021-ல் அறிவித்தார்கள்.

அடியும் வாங்கியிருக்கிறார்கள். பிரின்ஸ்டன் மெஷினைப் பெரும் செலவில் மேம்படுத்தி ஓட்டிய சில மாதங்களிலேயே, 2016-ல் ஒரு காந்தச் சுருள் பழுதானது. மெஷினே நின்றுபோனது. சரிசெய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒரு சுருள்... ஒரு தலைமுறை பி.ஹெச்டி. மாணவர்களின் டேட்டா காலி!

இங்கிலாந்து அரசின் அடுத்த இலக்கு 'ஸ்டெப்'. நாட்டிங்காம்ஷயரில் வெஸ்ட் பர்ட்டன் என்ற இடத்தில் நிலக்கரி மின்நிலையம் இருந்தது. அந்த இடத்திலேயே கோள டோகமாக் மின்நிலையம் கட்டுவது என்று 2022-ல் முடிவானது. 2040-க்குள் கிரிட்டுக்கு மின்சாரம் கொடுப்பது திட்டம். நடக்குமா என்பது அந்த ஈர்க்குச்சியின் கையில்!

நம்ம ஆட்கள் எங்கே?

இந்தியாவின் இணைவு ஆராய்ச்சிக்குத் தலைநகரம் குஜராத்தின் காந்திநகர் அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமா ஐ.பி.ஆர். பிரதிமன் கிருஷன் கௌ என்ற இயற்பியலாளர் முன்னின்று உருவாக்கியது. 1989-ல் ஆதித்யா என்ற நம் நாட்டு டோகமாக் அங்கே பிளாஸ்மா கண்டது. 2013-ல் மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1. 2016-ல் ஆதித்யாவின் புது அவதாரம். இவை எல்லாம் மெதுவடைக் குடும்பம்தான். ஆதித்யாவின் நம்பர் 3, எஸ்.எஸ்.டி.-1-க்கு 5.5. ஒல்லி வளையல் என்றே சொல்லலாம்.

ஐட்டரில் இந்தியா 2005 டிசம்பரில் சேர்ந்தது. அந்த ராட்சஸ மெஷினை மொத்தமாக மூடுகிற குளிர்கலன், கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், 3,850 டன். குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி தயாரித்துக் கப்பல் ஏற்றியது. ஆனால் ஐட்டர் தாமதமாகிக்கொண்டே போகிறது. 2024-ல் அறிவித்த புது அட்டவணைப்படி ஆராய்ச்சி ஓட்டம் 2034-ல், டிரிட்டியம் கலந்த ஓட்டம் 2039-ல். "சின்னதாக் கட்டினா சீக்கிரம் கத்துக்கலாம்" என்று கோள டோகமாக் கட்சி குரல் உயர்த்துவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டா? உண்டு, கல்பாக்கத்தில்! வடையோ சீயமோ, நியூட்ரான் அடி வாங்கும் சுவருக்கு ஸ்பெஷல் ஸ்டீல் வேணும். சாதாரண ஸ்டீலில் உள்ள நிக்கல், மாலிப்டினம், நயோபியம் எல்லாம் நியூட்ரான் பட்டால் நெடுங்காலத்துக்குக் கதிர்வீச்சு கக்கும். அவற்றுக்குப் பதிலாக டங்ஸ்டனும் டான்ட்டலமும் சேர்த்த ஸ்டீலைக் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஐ.பி.ஆரோடும் ஹைதராபாத் மிதானியோடும் சேர்ந்து உருவாக்கியது. 9 சதவீதம் குரோமியம், 1.4 சதவீதம் டங்ஸ்டன், 0.06 சதவீதம் டான்ட்டலம். இந்தச் சமையல் குறிப்பைக் கண்டுபிடிக்க, அளவை மாற்றி மாற்றி உருக்கி, இழுத்து, உடைத்துப் பார்த்தார்கள். மெட்டலர்ஜி பசங்களே, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

காலேஜ் ரோடு கனெக்‌ஷன்

இப்போ காரைக்குடிக்கு வருவோம். காலேஜ் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியா தினமும் பார்க்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், டோகமாக் கட்டுகிற இடம் கிடையாது. ஆனால் டோகமாக் உலகின் ரெண்டு பெரிய தலைவலிகள் மின்வேதியியலுக்குள்தான் வருகின்றன.

ஒன்று, லித்தியம். டிரிட்டியம் தயாரிக்க நன்றாக உதவுவது லித்தியம்-6. இயற்கை லித்தியத்தில் அது ஏழரை சதவீதம்தான். 1950-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இதைப் பிரித்தெடுக்கப் பாதரசத்தை டன் டன்னாகப் பயன்படுத்தினார்கள். பிரிந்தது லித்தியம் மட்டுமா? மண்ணிலும் ஓடையிலும் பாதரசம் கலந்து, பல பத்தாண்டுகளாகச் சுத்தம் செய்துகொண்டே இருக்கிறார்கள். பாதரசம் இல்லாமல் பெரிய அளவில் லித்தியம்-6 பிரிக்க மலிவான வழி கண்டுபிடிப்பவருக்கு உலகமே கடன்பட்டிருக்கும்.

ரெண்டு, காந்தம். ஈர்க்குச்சித் தூணுக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்த, பலமான காந்தம் செய்ய மீக்கடத்தி டேப்கள் வந்திருக்கின்றன. அந்த டேப்பின் மேல் தாமிரத்தைப் பூசுவது எலக்ட்ரோபிளேட்டிங். ஆமாம், நீங்க லேபில் பீக்கரும் பேட்டரியும் வைத்துச் செய்கிற அதே சமாச்சாரம்தான். ஆனால் கிலோமீட்டர் கணக்கான டேப்பில் ஒரு இடம்கூடச் சொதப்பக் கூடாது.

கேம்பஸிலேயே ஒரு குட்டிச் சூரியன்

"இதெல்லாம் பெரிய நாடு, பெரிய பட்ஜெட் சார்" என்று சலிக்கிறீங்களா? சின்னதாகச் செய்ய முடியும் என்பதுதான் கோள டோகமாக்கின் ஸ்பெஷாலிட்டி. ஸ்பெயினில் செவில் பல்கலைக்கழகம் கட்டிய 'ஸ்மார்ட்' என்ற கோள டோகமாக், 2025 ஜனவரியில் முதல் பிளாஸ்மாவை அறிவித்தது. தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் 'வெஸ்ட்' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. ரெண்டும் பல்கலைக்கழக மெஷின்கள்!

செக் குடியரசின் பிராக் நகரில் கோலெம் என்று ஒரு தாத்தா டோகமாக் இருக்கு. 1960-களில் மாஸ்கோவில் பிறந்தது. ஆராய்ச்சியில் ரிட்டயர் ஆனதும் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்கள் இன்டர்நெட் வழியாகவே அதை இயக்கி, டேட்டா எடுத்துப் படிக்கிறார்கள்.

நம்ம நாட்டில் இப்படிப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று வந்தால் என்ன? கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கிற இடத்தில் நீங்க உட்காரணும்னா வழி இதோ: எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ், பி.இ. மாணவர்களுக்கு ஐ.பி.ஆர். கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறது. தேர்வானவர்கள் அங்கேயே தங்கி ஒரு புராஜெக்ட் செய்யலாம். பி.ஹெச்டி. போக ஜெஸ்ட், கேட் மாதிரி தேர்வுகளுக்குத் தயாராகணும். அறிவிப்பை அவர்கள் வெப்சைட்டில் பார்த்துக்கிட்டே இருங்க. ஃபிசிக்ஸ் மட்டும் என்றில்லை, வெற்றிடம், கிரையோஜெனிக்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், வெல்டிங், கன்ட்ரோல், சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் அங்கே வேலை இருக்கு.

ஒரு உண்மையையும் சொல்லிடறோம். இது ஐ.டி. மாதிரி ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கிற துறை கிடையாது. இன்றைய வெப்பமயமாதலுக்கு இன்றைக்கே கைகொடுப்பது சோலார், காற்றாலை, பேட்டரிதான். 2025-ல் ஐ.பி.ஆர். விஞ்ஞானிகள் வெளியிட்ட திட்ட வரைவுகூட, இந்தியாவின் முழு அளவு மாதிரி இணைவு நிலையத்துக்கு 2060-ஐத்தான் குறிக்கிறது. இப்போ உங்களுக்கு 20 வயசு என்றால் அப்போ ஐம்பது தாண்டியிருக்கும். பலன் பார்க்க அத்தனை வருஷம் காத்திருக்கணுமா என்று உங்க ஆச்சி கேட்டால், என்ன பதில் சொல்வீங்க?

பதில் உங்க ஊரிலேயே இருக்கு. 1940-களின் கடைசியில் காரைக்குடியில் ஒரு தேசிய ஆய்வுக்கூடம் வரணும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1957-ல் அழகப்பர் காலமானபோது வயது 47 தான். அந்த ஆய்வுக்கூடம் இயங்கியதை அவர் பார்த்தது நாலு வருஷம். அதன் பலனை மற்றவர்கள் எழுபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறார்கள்.

கோள டோகமாக் ஜெயிக்கலாம், தோற்கலாம். வடையே ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் லித்தியம் பிரிக்கிற வழி, நியூட்ரானைத் தாங்குகிற ஸ்டீல், பிசிறில்லாத தாமிரப் பூச்சு என்று எல்லாச் சட்டிக்கும் தேவையான வேலைகள் ஆளுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அடுத்த முறை சிக்ரியில் மாணவர்களை உள்ளே விடும் நாள் வந்தால், செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. உள்ளே இருக்கிற ஒரு விஞ்ஞானியைப் பிடிச்சு, "லித்தியம்-6 பிரிக்கப் பாதரசத்துக்கு மாற்று என்ன சார்?" என்று கேட்டுப் பாருங்க. பேச்சு சுலபத்தில் முடியாது!